விளிப்பு விருப்பப் படிவம்

வட இங்கிலாந்தின் கில்தார்ப் நகரில் யாரும் யாரையும் "கண்ணு" என்று சொல்லாமல் ஒரு வேலையையும் முடிப்பதில்லை. பேருந்து ஓட்டுநர் மீசை வைத்த கொத்தனாரைப் பார்த்து "சீக்கிரம் ஏறு கண்ணு" என்பார். இறைச்சிக் கடைக்காரி போலீஸ்காரரிடம் "வேற என்ன கண்ணு வேணும்?" என்று கேட்பாள். சவ அடக்கம் செய்கிறவர்கூடப் பெட்டியை மூடும் முன் வீட்டாரிடம் "பாத்தாச்சா கண்ணு?" என்று கேட்டுவிட்டுத்தான் திருகாணியைத் தொடுவார். இதனால் அந்த ஊரில் அன்பு பெருகி வழிந்தது என்று சொல்ல முடியாது. கண்ணு என்று சொல்லிக்கொண்டே ஏமாற்றுகிறவர்களும் உண்டு. ஆனால் அறிமுகமே இல்லாத இருவர் பேச்சைத் தொடங்க அங்கே வேறு வழி இருந்ததில்லை.

பெவர்லி சட்கிளிஃப் அந்த ஊர்க்காரி. ஐம்பத்தெட்டு வயது. மேட்டுத் தெருவில் ஓர் அறக்கட்டளை நடத்தும் முதியோர் இல்லத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்த்தாள். எழுப்புவது, குளிப்பாட்டுவது, பொத்தான் போடுவது, ஊட்டுவது, கடைசியில் இமையை மூடிவிடுவது வரை எல்லாம் அவள் கைதான். அரசியல் தெரியாது. தேர்தல் சமயத்தில் ஓட்டுக் கேட்டு வந்தவர்களில் யார் உட்கார்ந்து தேநீர் குடித்தார்களோ அவர்களுக்கு ஓட்டுப் போடுவாள்.

அவள் பொறுப்பில் இருந்த பன்னிரண்டு பேரில் நாலாம் அறை சிரில் ஓல்ட்ராய்ட் தனி ரகம். எண்பத்தொன்பது வயது. முப்பத்து நாலு வருடம் நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தவர். மனைவி பெயர் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை பார்க்க வரும் மகள் ஜானிஸின் முகம் ஒரு வாரம் ஞாபகம் இருக்கும், மறுவாரம் இருக்காது. பசி என்பதும் மறந்துபோனது. யார் ஊட்டினாலும் வாயை இறுக்கிக்கொள்வார். பெவர்லி ஒரு நாள் அலுப்பில், மசித்த உருளைக்கிழங்கைக் கரண்டியில் தூக்கிப் பிடித்து, "கூண்டு இறங்குது கண்ணு, தலையப் பாத்துக்கோ" என்றாள். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கூண்டு. கிழவர் சட்டென்று தலையைக் குனிந்து வாயைத் திறந்தார். அன்று முதல் நாளுக்கு மூன்று வேளை கூண்டு இறங்கியது. தட்டு காலியானது.

இந்த நிலையில்தான் அறக்கட்டளை, மாண்புத் துறை என்று ஒன்றைத் தொடங்கி, அதற்கு இமோஜன் ஃபேர்வெதர் என்பவளைத் தலைவியாக்கியது. முப்பது வயதுக்குள் இருப்பாள். அவள் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. யார் என்ன சொன்னாலும் தலையை லேசாகச் சாய்த்து, "நான் கேக்கறேன்" என்பாள். ஒரு மதியம் வந்து சாப்பாட்டு அறையின் மூலையில் உட்கார்ந்து, மடியில் கைக்கணினியை வைத்துக் குறிப்பெடுத்தாள். பிறகு பெவர்லியை மேலாளர் கிரஹாமின் அறைக்கு அழைத்தார்கள்.

"நாப்பத்தேழு தடவை, பெவர்லி" என்றாள் இமோஜன். "ஒரே சாப்பாட்டு வேளைல. அதுல முப்பத்தொண்ணு நாலாம் அறைக்காரருக்கு மட்டும்."

"அவரு முப்பத்தொரு வாய் சாப்பிட்டாரு கண்ணு."

இமோஜன் நாற்பத்தேழை அழித்து நாற்பத்தெட்டு என்று எழுதினாள்.

அது 'அனுமதி பெறாத நெருக்கச் சொல்' என்று அவள் விளக்கினாள். ஊட்டுகிறவர் கையில் கரண்டி இருக்கிறது, உண்கிறவர் கையில் ஒன்றுமில்லை. இப்படிச் சமமில்லாத இடத்தில் கொஞ்சிப் பேசுவது ஒரு வகை ஆக்கிரமிப்பு என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லையே என்று பெவர்லி இழுத்தாள்.

"கெட்ட எண்ணம்னு நான் சொல்லவே இல்ல. வெறுப்பா இருந்தா அவங்க எதிர்த்திருப்பாங்க. அன்பா இருக்கறதாலதான் அவங்களால எதிர்க்க முடியல. அதான் பெரிய ஆபத்து."

கிரஹாம் ஜன்னல் கொண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா இதே இல்லத்தில்தான், பெவர்லி கையைப் பிடித்தபடி இறந்தாள். கடைசி மூச்சு வரை அந்த அம்மாளுக்குக் கிடைத்த பெயர் கண்ணு. அன்றைக்கு நடைபாதையில் நின்று அழுத கிரஹாமுக்கும் அதே பெயர்தான் கிடைத்தது. அவருக்கு இதெல்லாம் ஞாபகம் இருந்திருக்க வேண்டும். கொண்டி சரியாக மாட்டவில்லை என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் எல்லா ஊழியர்களுக்கும் பயிற்சி. சாப்பாட்டு அறையில் நடந்ததால் முதியவர்களின் மதிய உணவு ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போனது. சுவரில் பெரிய அட்டை மாட்டியிருந்தார்கள். சிவப்புக் கட்டத்தில் கண்ணு, ராசா, செல்லம், தாத்தா, 'பாவம்' எல்லாம் இருந்தன. ஐயாவும் அம்மாவும் மஞ்சளில். பார்த்த மாத்திரத்தில் ஒருவரை ஆண் என்றும் பெண் என்றும் முடிவுகட்டிவிடும் சொற்கள் அவை. பச்சைக் கட்டம் காலியாக இருந்தது. அதில் என்ன வரும் என்று சமையல்காரி கேட்டதற்கு, ஆலோசனை நடந்துகொண்டிருக்கிறது என்று பதில் வந்தது.

அதுவரைக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு விளிப்பு விருப்பப் படிவம். ஒன்பது பக்கம். தம்மை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று அவரவரே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஏழாம் அறை எட்னா, பள்ளிக்கூடச் சமையலறையை நடத்தியவள், வாய்த்துடுக்குக்காரி. 'மாட்சிமை தங்கிய மகாராணி' என்று எழுதிக் கொடுத்தாள். யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் காலையிலிருந்து, மாட்சிமை தங்கிய மகாராணியே, உங்கள் அணையாடையை மாற்றும் நேரம் இது என்று ஊழியர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். மூன்றே நாளில் எட்னா அழுதுகொண்டு எட்னா என்றே கூப்பிடச் சொன்னாள். மாற்றக் கோரிக்கையைப் பரிசீலிக்க இருபத்தெட்டு வேலைநாள் ஆகும், மகாராணியே என்றார்கள்.

சிரில் கையில் பேனாவைக் கொடுத்தபோது அவர் அதைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டார். படிவம் காலி. அவருக்காக ஜானிஸ் நிரப்பினாள். கண்ணு என்றே கூப்பிடுங்கள், ஊரே அப்படித்தான் கூப்பிட்டது என்று எழுதியிருந்தாள். அது மரியாதையான ஒரு கடிதத்துடன் திரும்பி வந்தது. ஒருவரை அதிகமாகக் கட்டுப்படுத்தி வைப்பவர்கள் குடும்பத்தார்தான் என்பதால் அவர்கள் சொல்வதை அந்த நபரின் விருப்பமாக எடுத்துக்கொள்ள இயலாது என்று அதில் இருந்தது. அப்படியானால் சிரில் என்று பெயர் சொல்லியாவது கூப்பிடலாமா என்று பெவர்லி கேட்டாள். கூடாது என்றாள் இமோஜன். அந்தப் பெயரையும் யாரோ அவர் சம்மதமில்லாமல் வைத்ததுதானே.

படிவம் காலியாக உள்ளவர்களுக்கு ஒரு பொது வாக்கியம் தயாராகியிருந்தது. ஒரு மீட்டர் தள்ளி, பார்வை படுகிற இடத்தில் நின்று சொல்ல வேண்டும்: "உணவு இப்போது கிடைக்கிறது. ஏற்பதும் மறுப்பதும் உங்கள் தேர்வு."

பெவர்லி ஒன்பது நாள் அதைச் சொன்னாள். வேலை போய்விடும் என்ற பயம். இந்த வயதில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்? ஒரு மீட்டர் தள்ளி நின்று அவள் வாக்கியத்தைச் சொல்லி முடிக்கும்வரை கிழவர் அவள் முகத்தையே பார்ப்பார். பிறகு வாயை இறுக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார். பதிவேட்டில் அவள் எழுத வேண்டிய வரியும் அச்சாகியே இருந்தது: 'உணவு வழங்கப்பட்டது. நபர் தமது தேர்வுரிமையைப் பயன்படுத்தினார்.' ஒன்பதாம் நாள் எடை பார்த்தார்கள். நாலு கிலோ குறைந்திருந்தது.

பத்தாம் நாள் மதியம் பெவர்லி நாலாம் அறைக் கதவைச் சாத்தினாள். கட்டிலில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, "கூண்டு இறங்குது கண்ணு" என்றாள். அவர் தலையைக் குனிந்தார். பத்தொன்பது வாய் சாப்பிட்டார். இருபதாவது வாயில் அவள் கையைப் பிடித்து, மேலேயும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "எல்லாரும் ஏறியாச்சா?" என்று கேட்டார். ஏறியாச்சு என்றாள். மாதக்கணக்கில் அவர் வாயிலிருந்து வந்த முதல் முழுப் பேச்சு அது.

கதவைத் திறந்தால் வெளியே இமோஜன் நின்றிருந்தாள். வாராந்தரச் சுற்று. சாப்பிடும்போது குறுக்கிடுவது மரியாதையாகாது என்று முடியும்வரை காத்திருந்திருக்கிறாள்.

"இது தண்டனை இல்ல, பெவர்லி. விசாரணை முடியற வரைக்கும் நீங்க வீட்டுல இருக்கணும். உங்களப் பாதுகாக்கறதுக்குத்தான்."

"யாருகிட்டேருந்து?"

"உங்ககிட்டேருந்தே" என்றாள் இமோஜன், மிகுந்த கனிவுடன்.

விசாரணை எட்டு நாள் கழித்துத் தலைமை அலுவலகத்தில் நடந்தது. இரண்டு ரயில் மாறிப் போக வேண்டும். குழுவில் மூன்று பேர். யாரும் யாருக்கும் உயர்ந்தவர் இல்லை என்பதற்காக நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். பெவர்லியின் நாற்காலி பக்கத்தில் மட்டும் கண் துடைக்கும் காகிதப் பெட்டி ஒன்று இருந்தது.

முதலில் ப்ளெஸிங்கை அழைத்தார்கள். நைஜீரியாவின் பெனின் நகரத்திலிருந்து வந்து இரண்டு வருடமாக இல்லத்தில் செவிலியாக இருப்பவள். பெவர்லியால் பாதிக்கப்பட்டவள் என்ற வகையில் அவள் பெயரை இமோஜன்தான் சேர்த்திருந்தாள்.

"உங்களையும் அந்தச் சொல்லாலதான் கூப்பிட்டிருக்காங்க" என்றாள் இமோஜன். "வேற நாட்டுலேருந்து வந்தவங்க நீங்க. எவ்வளவு வலிச்சிருக்கும்னு எங்களுக்குப் புரியுது."

"வலிக்கலையே" என்றாள் ப்ளெஸிங். "நான் வந்த புதுசுல, ஆள் அனுப்பற ஏஜென்சி மூலமா வந்தவள்னு எல்லாரும் என்னை ஏஜென்சின்னுதான் கூப்பிட்டாங்க. ஏஜென்சி, தட்ட எடு. ஏஜென்சி, மூணாம் அறைக்குப் போ. இவங்க ஒருத்தங்கதான் கண்ணுன்னாங்க."

"வலி தெரியாமப் போறதும் வலியோட ஒரு கட்டம்தான். அதையும் பதிவு பண்ணிக்கறோம்."

சாட்சி, தமக்கு நேர்ந்ததை உணர முடியாத அளவுக்குப் பாதிக்கப்பட்டுள்ளார் என்று பதிவாயிற்று. ஆறு வார மனநல ஆலோசனைக்கும் சிபாரிசு செய்தார்கள், விடுமுறை நாட்களில். ப்ளெஸிங் எழுந்திருக்கவில்லை. கிழவர் ஒன்றும் சாப்பிடுவதில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். நாலாம் அறையில் அவள் 'அப்பா' என்று கூப்பிட்டுக்கொள்ள இமோஜன் அனுமதித்திருந்தாள்; அது ப்ளெஸிங்கின் பண்பாட்டில் உள்ள சொல். கண்ணு அவள் பண்பாட்டில் இல்லாததால் கூடாது. அப்பா என்றதும் கிழவர் யாரோ ஒரு பிள்ளையைத் தேடிக் கதவைப் பார்த்தாரே தவிர வாயைத் திறக்கவில்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்த சத்துப் பானத்தையும் அந்த வாக்கியத்தைச் சொல்லித்தான் நீட்டினார்கள், அதையும் தொடவில்லை. இதைச் சொல்லத்தான் அவள் வந்திருந்தாள். இன்றைய விவாதப் பொருளில் அது இல்லை என்று நன்றி சொல்லி அனுப்பிவைத்தார்கள்.

பெவர்லியின் முறை வந்தது. வீட்டிலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததெல்லாம் அவளுக்கு மறந்துபோனது.

"நான் மன்னிப்புக் கேக்கறேன். எத்தனை தடவை வேணும்னாலும் கேக்கறேன். எழுதிக் குடுங்க, கையெழுத்துப் போடறேன். இன்னைக்குச் சாயங்காலச் சாப்பாட்டுக்கு மட்டும் என்னைப் போக விடுங்க. அதுக்கப்புறம் வேலைய விட்டு வேணும்னாலும் எடுத்துருங்க."

குழுவின் தலைவர், ஹ்யூபர்ட் என்ற நரைத்த தாடிக்காரர், நெகிழ்ந்துபோனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்க தவிப்ப நாங்க மதிக்கறோம், பெவர்லி. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. அவருக்குச் சாப்பாடு குடுத்துக்கிட்டேதான் இருக்கோம். நீங்க போனதுலேருந்து இருபத்து நாலு தடவை குடுத்திருக்கோம். இருபத்து நாலு தடவையும் வேண்டாம்னு அவரு தெளிவா சொல்லிட்டாரு. வாழ்க்கை முழுக்க முதலாளி சொன்னதக் கேட்டு மண்ணுக்குள்ள இறங்கின மனுஷன். இப்பதான் முதல் தடவையா வேண்டாம்ங்கறாரு. அதக் காது குடுத்துக் கேக்க நாங்க இருக்கோம். மாண்புன்னா இதுதான்."

மற்ற இருவரும் மெதுவாகத் தலையாட்டினார்கள். பெவர்லி கேட்ட மன்னிப்பின் வாசகத்தில் சுயநலம் கலந்திருக்கிறதா என்று ஆராய வேண்டியிருந்ததால் அடுத்த அமர்வை ஒரு வாரம் ஒத்திவைத்தார்கள்.

அந்த வாரம் தினமும் பெவர்லி இல்லத்தின் வேலிவரை நடந்துபோய்த் திரும்பினாள். உள்ளே போகக் கூடாது என்று கடிதத்தில் இருந்தது. ஜானிஸ் தினமும் மூன்று வேளையும் வந்து அப்பாவுக்கு ஊட்டிப் பார்த்தாள். கூண்டு இறங்குகிறது என்றும் சொல்லிப் பார்த்தாள். அவருக்கு அந்தக் குரல் பிடிபடவில்லை. பெவர்லியைக் கூப்பிடுங்கள் என்று கிரஹாமிடம் கெஞ்சியதற்கு, தன் கையில் ஒன்றுமில்லை என்றார். அதை அவர் வருத்தத்தோடுதான் சொன்னார் என்று ஜானிஸே பெவர்லியிடம் சொன்னாள்.

இரண்டாம் அமர்வு தொடங்கி அரை மணி நேரத்தில் இமோஜனின் தொலைபேசி அதிர்ந்தது. வெளியே போய்ப் பேசிவிட்டு வந்து, வட்டத்தில் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

"எல்லார்கிட்டயும் ஒரு விஷயம் பகிர்ந்துக்கணும். நாலாம் அறைல நம்ம சேவையப் பயன்படுத்திக்கிட்டிருந்த நபர், இன்னைக்குக் காலைல அதப் பயன்படுத்தறத நிறுத்திட்டாரு."

பெவர்லிக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. "நிறுத்திட்டாருன்னா? எங்க போனாரு?" என்று கேட்டாள்.

பக்கத்தில் இருந்தவர் காகிதப் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார்.

ஒரு நிமிடம் மௌனம் அனுசரித்தார்கள். படிவம் நிரம்பாததால் பெயர் எதுவும் சொல்லப்படவில்லை. மௌனம் முடிந்ததும் ஹ்யூபர்ட், இன்னும் மூன்று பொருள் பாக்கி இருக்கிறது, தொடர்வதில் யாருக்கும் சங்கடம் இல்லையே என்று கேட்டார். யாரும் ஒன்றும் சொல்லாததால் தொடர்ந்தார்கள்.

தீர்ப்பு தபாலில் வந்தது. குற்றம் நிரூபணமாகியுள்ளது. ஆனால் பாதிக்கப்பட்ட நபருக்கு மீண்டும் பாதிப்பு நேர வாய்ப்பில்லாத சூழல் உருவாகியிருப்பதைக் கருணையுடன் கருத்தில் கொண்டு, ஆறு மாதக் கண்காணிப்பில் பெவர்லி பணிக்குத் திரும்பலாம். கீழே கையெழுத்துப் போட ஓர் இடம் விட்டிருந்தார்கள்.

அடக்கம் வெள்ளிக்கிழமை. குன்றின்மேல் இருந்த சிறிய தேவாலயத்துக்குப் பதினோரு பேர் வந்தார்கள். ஜானிஸ் பெவர்லியை முன்வரிசையில் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். கிரஹாம் அறக்கட்டளையின் மலர் வளையத்தோடு பின்னால் நின்றார். அதில் கட்டியிருந்த அட்டையை ஜானிஸ் எடுத்துப் படித்தாள். 'சேவை பெற்ற ஒருவருக்கு, மாண்புடன்.'

"அப்பா பேரு உங்களுக்குத் தெரியும்ல, கிரஹாம்?"

"தெரியும் கண்ணு" என்றார் கிரஹாம். சொன்ன பிறகு முகம் வெளிறி, யார் யார் இருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்.

பெட்டியை இறக்கும் முன் பெவர்லி அதன்மேல் கை வைத்தாள். ஏதாவது சொல்வாள் என்று ஜானிஸ் காத்திருந்தாள். பெவர்லி கையை எடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள். எப்படித் திரும்பப் போகிறாய் என்று ஜானிஸ் கேட்டதற்கு, மீதிப் பதினோரு பேருக்கு யார் ஊட்டுவது என்றாள். அது உண்மைதான். பயமும் உண்மைதான்.

புதன்கிழமை நாலாம் அறைக்குப் புதிய ஆள் வந்தார். கிளிஃபர்ட் என்று, நெசவாலையில் மேஸ்திரியாக இருந்தவர். அறிவெல்லாம் தெளிவாக இருந்தது; இடுப்பெலும்பு உடைந்ததிலிருந்து தனியாக இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். மகன் பெட்டியை வைத்துவிட்டு, வண்டியைத் தெருவில் நிறுத்தியிருப்பதாகச் சொல்லி ஓடிவிட்டான். கிழவர் கோட்டும் தொப்பியுமாகக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அறையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெவர்லியைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"இனிமே இதான் நம்ம ரூமா கண்ணு?"

பெவர்லி திரும்பி நடைபாதையைப் பார்த்தாள். யாரும் இல்லை. ஆனால் இருக்கிறார்களா இல்லையா என்று இப்போதெல்லாம் அவளால் நிச்சயமாகச் சொல்ல முடிவதில்லை. கோப்பைத் திறந்தாள். படிவம் இன்னும் நிரப்பப்படவில்லை. கட்டிலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்றுகொண்டாள்.

"அறை இப்போது கிடைக்கிறது" என்றாள். "ஏற்பதும் மறுப்பதும் உங்கள் தேர்வு."

கிழவர் அவள் உதட்டையே பார்த்தார். சரியாகக் காதில் விழவில்லையோ என்று காதுக்கருவியைத் திருகினார். பிறகு அவளைத் தாண்டி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"நம்ம ஊர்க்காரங்க யாராச்சும் இருக்காங்களா இங்க?" என்று கேட்டார்.

பெவர்லி பதிவேட்டில் நேரத்தைக் குறித்துவிட்டு, அடுத்த அறைக்குப் போனாள். சாயங்காலம் தேநீர் வண்டியோடு அவள் அந்தப் பக்கம் வந்தபோது, அவர் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். பெட்டி மடியில் இருந்தது.